பாஸும் பட்டதாரியும்

படிப்பாளி உயர்ந்தவனா, கைத்திறனாளி உயர்ந்தவனா என்ற கேள்வி எங்கள் பாடசாலைப் பட்டிமன்றங்களில் தேய்ந்துபோன கேள்வி. நடுவர் சொல்லும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றேதான்: வாழ்க்கைக்கு இரண்டும் வேண்டும். கைதட்டல் கிடைக்கும், தேநீர் வரும், எல்லோரும் கலைந்து போவோம். வீட்டுக்குப் போனதும் அதே நடுவர் தம் மகனைக் கணிதப் பிரிவில் சேர்ப்பதற்கு நல்ல ரியூசன் வாத்தியார் யாரென்று அயலில் விசாரிப்பார். மேடையில் சொன்ன தீர்ப்புக்கும் வீட்டில் நடக்கும் காரியத்துக்கும் இடையில் உள்ள இந்தத் தூரம் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ஆர்வமூட்டும் விடயம். அதற்கு விடை தேடக் கொழும்பின் தெற்கு எல்லையிலுள்ள இரத்மலானையைத் தெரிந்துகொண்டேன். தத்துவ நூல்களைவிட அந்த ஊரின் மண் இந்த வழக்கைப் பற்றிக் கூடுதலாகப் பேசும் என்பது என் எண்ணம்.

வெள்ளவத்தையில் கரையோர ரயிலேறினால் தெகிவளை, கல்கிசை கடந்து இரத்மலானை வரும். தண்டவாளத்தின் அருகே புகையிரதப் பகுதியின் பெரிய வேலைத்தளம். காலி வீதிக்கு மறுபுறம் விமான நிலையம். கொழும்புத் தமிழருக்கு நெருங்கிய இந்துக் கல்லூரி ஒன்றும் இங்கே உண்டு. செவிப்புலன், கட்புலன் இழந்த பிள்ளைகளுக்கான பழைய பாடசாலையும் உண்டு. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கட்டுபெத்தை; அங்கே மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அதற்கப்பால் தச்சர்களுக்குப் பெயர்போன மொறட்டுவை நகரம். அறிவும் கைவினையும் இத்தனை நெருக்கமாகக் குடியிருக்கும் இன்னொரு இடம் இலங்கையில் இருக்குமா என்பது சந்தேகமே.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். நாம் மேசன் பாஸ் என்கிறோம், தச்சுப் பாஸ் என்கிறோம். சிங்கள மக்களும் கைத்தொழில் வல்லவரை மரியாதையாக 'பாஸ் உன்னஹே' என்றே அழைப்பர். இந்தப் 'பாஸ்' ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவர்களுடைய மொழியில் அது தொழிலின் தலைவனை, எசமானனைக் குறிக்கும். அதே ஒல்லாந்தச் சொல் அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலத்தில் புகுந்து, இன்று அலுவலகத்தில் மேலதிகாரியைக் குறிக்கும் 'பொஸ்' ஆகிவிட்டது. ஒரே தாய்ச்சொல்லுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் குளிரூட்டிய அறையில் சுழல்நாற்காலியில் இருக்கிறார். மற்றவர் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு சாந்துச் சட்டியோடு ஏணியில் நிற்கிறார். சொற்களுக்கும் சாதகம் கணிக்கலாம் போலிருக்கிறது.

இனி வேலைத்தளத்துக்கு வருவோம். இலங்கையில் முதல் ரயில் 1864 திசெம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. ரயில் பாதை ஒரு நாட்டுக்கு வரும்போது இரண்டு வகை மனிதரைக் கேட்கும். ஒருவர் கணக்கெழுத, பயணச்சீட்டுக் கொடுக்க, தந்தி அனுப்பத் தெரிந்தவர். மற்றவர் கொதிகலத்தைத் திறந்து பார்க்க, சில்லைக் கடைய, அச்சைச் சரிசெய்யத் தெரிந்தவர். முதல் வகையினரை யாழ்ப்பாணத்து மிசன் பாடசாலைகள் தாராளமாக உருவாக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவிலே ரயில் பாதை போட்டபோது அங்கே நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் போய் இறங்கியவர்களுள் எங்கள் ஊரார் எத்தனை பேர்! பேனா பிடிக்கத் தெரிந்தவனுக்குச் சம்பளம், உளி பிடிக்கத் தெரிந்தவனுக்குக் கூலி. தமிழில் இந்த இரண்டு சொற்களும் பணத்தையே குறிக்கின்றன. ஆனால் மாதச் சம்பளக்காரனுக்குப் பெண் கொடுக்க முன்வந்தவர் நாட்கூலிக்காரனுக்குக் கொடுக்க முன்வரவில்லை. சம்பளத்தோடு ஓய்வூதியமும் வந்தது. கூலியோடு வந்தது அடுத்த நாள் வேலை இருக்குமா என்ற கவலை.

இந்தப் பாகுபாட்டைக் கொஞ்சம் உலுக்கிய மனிதர் ஒருவர் உண்டு: பி. டி. றம்பால. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படித்துவிட்டுப் புகையிரதப் பகுதியில் தொழிற்பயிலுநராகச் சேர்ந்தவர். 1949இல் பிரதம இயந்திரப் பொறியியலாளரானார். அப்பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவரே. 1955இல் முழுப் புகையிரதப் பகுதிக்கும் பொது முகாமையாளர். நீராவியிலிருந்து டீசலுக்கு நாட்டின் ரயில் சேவை மாறிய காலம் அவருடைய காலம். எங்கள் நெஞ்சில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் யாழ்தேவி 1956 ஏப்ரல் 23இல் ஓடத் தொடங்கியதும் அவருடைய நிருவாகத்தில்தான். உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி என்று ரயில்களுக்குப் பெண்களின் பெயரைச் சூட்டி மக்களுக்கு அவற்றின் மேல் பாசம் வரச் செய்ததும் அக்காலத்தில்தான். இயந்திரத்தை மட்டும் அறிந்தவருக்கு இந்த யோசனை வந்திராது. காகிதத்தை மட்டும் அறிந்தவருக்கு அந்த இயந்திரங்கள் ஓடியிரா.

கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா சில டீசல் இயந்திரங்களை நமக்குக் கொடுத்தது. எம்2 என்பது வகைப் பெயர். அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று கனேடிய மாகாணங்களின் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. (பின்னொரு காலத்தில் அந்த ஒன்ராறியோவுக்கே நம்மவர் ஆயிரமாயிரமாகக் குடிபெயர்வர் என்று அன்று யார் நினைத்தார்?) அறுபது ஆண்டுகளுக்கு மேலாகவும் அவற்றுட் சில நம் பாதைகளில் ஓடின. ஓர் இயந்திரம் அத்தனை காலம் ஓடுவதென்பது அதைச் செய்த தொழிற்சாலையின் பெருமை மாத்திரமன்று. உதிரிப்பாகம் கப்பலில் வராத ஆண்டுகளும், அந்நியச் செலாவணி இல்லாத ஆண்டுகளும் நம் நாட்டில் எத்தனையோ. அக்காலங்களில் தேய்ந்த பாகத்தை அளந்து, அதற்கு ஈடாக ஒன்றைக் கடைந்து பொருத்தி அனுப்புவது வேலைத்தளத்தாரின் அன்றாடப் பாடு.

இங்கே ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டும். கைத்திறன் என்றால் சிந்தனையற்ற பழக்கம் என்று படித்த பலர் கருதுகின்றனர். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவரின் வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கையிலுள்ள இரும்பு என்ன வகை, எந்த வேகத்தில் வெட்டினால் சூடேறும், எவ்வளவு விட்டுவைத்தால் பொருந்தும், வெட்டும் ஓசை மாறினால் அதன் பொருள் என்ன என்று ஒரே கணத்தில் பல முடிவுகளை அவர் எடுக்கிறார். வரைபடத்தையும் அவர் வாசிக்கத்தான் வேண்டும். அந்த முடிவுகளைச் சொற்களாக்கிச் சொல்லும்படி கேட்டால் அவர் தடுமாறலாம். சொல்ல முடியாதது அறிவில்லை என்று முடிவுகட்டுவது சொற்களையே தொழிலாகக் கொண்ட நம் போன்றவர்களுக்கு வசதியான முடிவு. பரீட்சை என்பது சொல்லக்கூடிய அறிவை அளக்கும் கருவி. மற்றதை அளக்க அதற்கு வழியில்லை.

1980 யூலைப் பொது வேலைநிறுத்தத்தின்போது நாடெங்கும் நாற்பதினாயிரம் பேர் வரையில் வேலை இழந்தனர் என்பர். புகையிரதத் தொழிலாளரும் அதில் அடங்குவர். அரசியல் நியாயங்களை ஒருபுறம் வைப்போம். ஒரு எழுதுவினைஞர் போனால் கோவைகள் அலுமாரியில் இருக்கும். பின்னால் வருபவர் எடுத்து வாசிக்கலாம். இருபது வருடம் இயந்திரத்தோடு பழகிய ஒருவர் வாசலைத் தாண்டிப் போனால் அவரோடு போவதை எந்த அலுமாரியில் தேடுவது?

வேலைத்தளத்திலிருந்து கட்டுபெத்தைக்குப் போவோம். 1960இல் அங்கே ஒரு நிறுவனம் தொடங்கியது. அதன் பெயரே செயல்முறைத் தொழில்நுட்ப நிறுவனம். புதிய கைத்தொழிற்சாலைகளுக்கு வேண்டிய நடுத்தரத் தொழில்நுட்பவியலாளரை ஆக்குவது நோக்கம். 1966இல் அதே இடத்தில் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகியது. 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகம். 1978இல் தனிப் பல்கலைக்கழகம். பதினெட்டே ஆண்டுகளில் பெயரிலிருந்து 'செயல்முறை' என்ற சொல் போய்விட்டது. இதற்கு முன் மருதானையில் 1893இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அங்கே வளர்ந்த பொறியியற் படிப்பு 1950இல் பல்கலைக்கழகப் பீடமாகி, 1964இல் பேராதனைக்குக் குடிபோயிற்று. கைக்கென்று நாம் கட்டுகின்ற வீடுகள் எல்லாவற்றிலும் சில காலத்தில் தலை குடியேறிவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நாட்டுக்குத் தந்த பொறியியலாளரும் கட்டடக்கலைஞரும் எண்ணற்றோர். ஆனால் காலியான அந்த நடுப்படி காலியாகவே கிடந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

ஏன் இப்படி நடந்தது? சனங்களுக்கு உடலுழைப்பின் மேல் வெறுப்பு என்று மேட்டுக்குடியார் சொல்வர். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. மற்றப் பாதியை அறியச் சில பழைய திட்டங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1932இல் கண்டிப் பகுதியிலுள்ள ஹந்தெசையில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைக்குத் தோட்டம், கைப்பணி, சுகாதாரம் என்று அவன் வாழ்வோடு ஒட்டிய கல்வி. கல்வியியலாளர் மெச்சிய திட்டம். ஆனால் மக்களுக்கு ஐயம் வந்தது. கொழும்பிலே பெரிய கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று கேட்டனர். 1943இல் கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. இலவசக் கல்வி அந்த அறிக்கையின் பெரும் கொடை. 1945 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. அதே அறிக்கையில் இன்னொரு யோசனையும் இருந்தது. பிள்ளைகளை இளவயதிலேயே அவர்களின் ஆற்றலுக்கேற்பப் பிரித்து, ஒரு பகுதியினரைச் செயல்முறைப் பாடசாலைகளுக்கு அனுப்பலாம் என்றது. இலவசக் கல்வியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்ட மக்கள் இந்த யோசனையைத் தொடவில்லை. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மூவகைப் பாடசாலைகள் வந்தபோதும் தொழில்நுட்பப் பாடசாலை என்ற வகை அங்கே சரியாக வேரூன்றவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால் 1953இல் நடந்ததை இலக்கிய அன்பர்கள் அறிவர். சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி ஆரம்பப் பாடசாலை நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தனர். அந்தப் பெயரே திட்டத்தை வீழ்த்தப் போதுமாயிருந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கிளர்ந்தெழுந்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். கையால் வேலை செய்வது நல்லதென்று காந்தியாரும் சொன்னவர்தான். ஆனால் செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைக்கப் பழகுவதும், வக்கீலின் மகன் ஆச்சிரமத்தில் நூல் நூற்பதும் ஒன்றாகிவிடுமா? முன்னவனுக்கு அது விதி, பின்னவனுக்கு அது விரதம்.

யாழ்ப்பாணத்திலும் இதே கதை, வேறு உடையில். தச்சரும் கொல்லரும் தட்டாரும் தத்தம் சாதிக்கென விதித்த தொழிலில் பரம்பரை பரம்பரையாகத் தேர்ந்தவர்கள். தேர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தேர்ச்சி அவர்களுக்கு வாங்கித் தந்த இடம் வீட்டு முற்றம் வரைதான். தேரைச் செய்தவர் தேரோட்டத்தின்போது எட்டி நின்ற கோயில்கள் எங்கள் மண்ணில் இருந்தன. புத்தகம் ஒன்றுதான் யாருடைய குலத்தையும் கேளாமல் கதவைத் திறந்தது, அல்லது திறக்கும் என்ற நம்பிக்கையையாவது தந்தது. ஆகவே ஒரு தச்சனார் தம் மகனை உளி தொடவிடாமல் படிப்பித்தார் என்றால், அவர் தம் தொழிலை இகழ்ந்தார் என்று பொருளில்லை. தொழிலோடு ஒட்டிவந்த அவமதிப்பிலிருந்து பிள்ளையைத் தப்புவிக்கப் பார்த்தார்.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தை எனக்கு முந்தியோரும் என் வயதினரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது கனிட்ட வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்கள் புகுந்தன. அந்தந்த ஊரின் தொழிலை ஆசிரியரும் மாணவரும் ஆராய்ந்து படிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையின் இடத்தில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது. திட்டத்தை வகுத்தவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. பல பாடசாலைகளில் கருவியுமில்லை, கற்பிக்க ஆளுமில்லை. தேங்காய்த் தும்பைத் திரிப்பதைப் பற்றிக் கொப்பியில் குறிப்பெழுதிப் பாடமாக்கியோரும் உளர். செயல்முறைப் பாடத்தையும் மனனப் பாடமாக மாற்றிவிடும் வல்லமை நம் பள்ளிக்கூடங்களுக்கு உண்டு. 1977இல் ஆட்சி மாறியதும் பழைய பரீட்சைகள் திரும்பி வந்தன. பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

ஹந்தெசை, கன்னங்கரா அறிக்கை, சென்னை, 1972: இவை நான்கையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. கைத்தொழிற் கல்வியை விதந்துரைத்தவர்கள் பெரும்பாலும் ஏட்டுக் கல்வியால் உயர்ந்தவர்கள். விதந்துரைத்தது பிறர் பிள்ளைகளுக்கு. கேட்டுக்கொண்டிருந்த பாமரர் சுட்டுவிரலை நீட்டி, உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டால் மறுமொழி இல்லை. மக்கள் அறியாமையால் மறுத்தார்கள் என்று எழுதிவைத்த கல்வி வரலாறுகளை நான் ஏற்கமாட்டேன். கணக்குத் தெரிந்தே மறுத்தார்கள்.

இலங்கைத் தமிழருடைய நிலையில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. வரண்ட நிலம், சிறிய காணி, பெருகிய குடும்பம். பரீட்சையும் உத்தியோகமுமே வயலும் வரம்பும் ஆயின. அந்த வயலுக்கு நீர் மறிக்கப்பட்டதும் கட்டுபெத்தையில்தான் தெரிந்தது. தரப்படுத்தல் புகுந்த முதலாண்டில், 1971இல், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. கட்டுபெத்தையில் அது 212க்கு 232. இருபது புள்ளி. இந்த இருபது புள்ளியில் எத்தனை வீடுகளின் விளக்கு அணைந்தது, எத்தனை இளைஞர் எந்தப் பாதைக்குப் போயினர் என்பதெல்லாம் பின்வந்த வரலாறு. புத்தக அறிவையே ஒற்றைக் கதவாக நம்பியிருந்த சமூகத்துக்கு அந்தக் கதவைக் கொஞ்சம் ஒருக்களித்தாலே மூச்சு முட்டும். அப்படி ஒற்றைக் கதவோடு வீடு கட்டியது நம்முடைய பிழையா என்று கேட்பவர்கள் உண்டு. மற்றக் கதவுகளில் சாதியும் வறுமையும் பூட்டுப் போட்டிருந்தன என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரத்மலானை விமான நிலையம் வேறொரு வகையில் எங்கள் நினைவோடு கலந்தது. 1935 நவம்பரில் அங்கே முதலில் வந்திறங்கிய சிறு விமானத்தை ஓட்டிவந்தவர் சென்னை விமானச் சங்கத்தின் பயிற்றுநர். 1947 திசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதற் பயணமும் அங்கிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே போயிற்று. ஆகத் தமிழரோடு அதற்கு நல்ல உறவிருந்தது. 1983 யூலையில் அதே விமானக் கூடங்கள் அகதி முகாமாயின. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் வீடிழந்தவர்கள் சீமெந்துத் தரையில் பாயின்றிக் கிடந்தார்கள். கணக்காளர், வைத்தியர், பொறியியலாளர், நகைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே சோறு. பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர்.

கல்வி கள்வரால் கவர முடியாத செல்வம், நெருப்பால் வேகாத செல்வம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நாட்களில் நெருப்பில் வெந்தவற்றுள் சான்றிதழ்களும் இருந்தன. படித்தது மண்டைக்குள் இருந்தது உண்மை. ஆனால் அதை மற்றவர் நம்புவதற்குக் காகிதம் வேண்டியிருந்தது. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களுக்குக் காகிதம் கையில் இருந்தும் அது செல்லவில்லை. வைத்தியர்கள் திரும்பவும் பரீட்சை எழுதினர்; பட்டதாரிகள் உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவினர். கைத்தொழில் தெரிந்தவர் பாடு எளிதாயிருந்ததா? அதுவும் முழுக்க உண்மையன்று. மின் இணைப்பாளருக்கும் அந்நாடுகளில் அனுமதிப்பத்திரம் வேண்டும், மொழி வேண்டும். ஒரு வித்தியாசம் இருந்தது. ஒரு பட்டறைக்குள் போய், கொஞ்சம் நில்லுங்கள், செய்து காட்டுகிறேன் என்று சொல்ல அவரால் முடிந்தது. சட்டத்தரணியால் அப்படிச் செய்து காட்ட முடியவில்லை.

விமான நிலையத்தை விட்டுப் போகுமுன் ரே விஜேவர்த்தனவை ஒரு வார்த்தை நினைக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். தம் கையாலேயே சிறு விமானங்கள் செய்து இரத்மலானையிலிருந்து பறந்தவர். 'லாண்ட்மாஸ்டர்' என்ற இருசில்லு உழவு இயந்திரம் அவருடைய வடிவமைப்பு. பிற்காலத்தில் அந்த இயந்திரத்தின் பயனைப் பற்றி அவரே ஐயுற்று, எருமையையும் மண்ணையும் விளங்கிய உழவனின் அறிவை மதிக்கப் பேசியவர். 2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராயிருந்தார், 2010இல் மறைந்தார். கையழுக்குப் பட்ட ஒருவர் வேந்தர் அங்கி அணிந்த அந்த ஐந்தாண்டுகள் எனக்குப் பிடித்தமானவை. ஆனால் அவர் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை. ஏட்டறிவையும் கைத்திறனையும் தம் விருப்பப்படி கலந்துகொள்ளும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. ஓடாவி வீட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சுதந்திரம் யார் கொடுத்தார்?

இன்னொரு வாசலையும் நாம் எட்டிப் பார்க்கலாம். மேரி சாப்மன் என்ற ஆங்கில அம்மையார் 1912இல் தொடங்கிய செவிப்புலன், கட்புலன் இழந்தோர் பாடசாலை. பார்வையற்ற பிள்ளை பிரெயில் எழுத்தை விரல் நுனியால் வாசிக்கிறது. கேட்கும் திறனற்ற பிள்ளை கைகளால் பேசுகிறது. அந்த வகுப்பறையில் நின்று அறிவு பெரிதா கை பெரிதா என்று பட்டிமன்றம் வைத்துப் பாருங்கள். விரல்தான் அங்கே கண். கைதான் அங்கே நாக்கு. பிரம்பு பின்னுவது போன்ற கைப்பணிகளை இத்தகைய பாடசாலைகளில் கற்பித்தது நெடுங்கால வழக்கம். அந்த வழக்கத்திலும் நல்லெண்ணத்தோடு ஒரு கஞ்சத்தனம் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். இவர்களுக்கு இதுவே போதும் என்று மற்றவர்கள் தீர்மானித்தார்கள். பின்னாட்களில் பார்வையற்ற இளைஞர்கள் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்று ஆசிரியர்களானபோது அந்தத் தீர்மானம் தளர்ந்தது.

2008ஆம் ஆண்டின் சட்டமொன்றால் இரத்மலானையில், கந்தவளை வீதியில், ஒரு புதிய பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் என்பது அதன் பெயர். நாட்டின் தொழிற்றகைமைகளை ஏழு மட்டங்களாக வகுத்திருக்கிறார்கள். முதல் நான்கு மட்டங்களும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. உயர்தரப் பரீட்சையில் தேறாதவரும், பட்டறையில் வேலை பழகி மட்டம் மட்டமாக ஏறி, இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையலாம். ஒரு வெல்டிங்காரர் இந்த ஏணியில் ஏறி ஏழாம் மட்டத்துக்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். ஹந்தெசையிலும் சென்னையிலும் மக்கள் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்: தொழிலைக் கற்கிறோம், ஆனால் அதற்கு மேலே போக வழி வையுங்கள். வழி வைக்க எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஏழாவது மட்டத்தில் அவருக்குக் கிடைப்பது என்னவென்று பார்த்தேன். ஒரு பட்டம். அதைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டலாம். திருமணப் பேச்சுக்கு வருகிறவர்கள் நிமிர்ந்து வாசிப்பார்கள்.